சென்சரி பொம்மை வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

மகனுக்கு நான்கு வயது இருக்கும்போது, தெரபி சென்டரில் பார்த்த ஆசையில் ஒரு விளக்கு பொம்மை வாங்கினேன். சுவிட்சைப் போட்டால் கூரை முழுக்க நிறங்கள் சுழலும், கூடவே பாட்டும் வரும். இப்படி ஒளி, ஒலி, தொடுதல், அழுத்தம் என்று புலன்களுக்கு வேலை தரும் பொருள்களைத்தான் சென்சரி பொம்மை என்கிறார்கள். விலை 1,800 ரூபாய். போட்ட மாத்திரத்தில் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். கால் மணி நேரம் வெளியே வரவில்லை. மறுநாள், அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடத்திடம் சொன்னேன். "அவன் எதைத் தேடுறான், எதைப் பார்த்து ஓடுறான்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்கம்மா. வாங்குறதெல்லாம் அப்புறம்" என்றார்.

எழுதினேன். மிக்சி ஓடினால் ஓட்டம். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து படுக்கிறான். தண்ணீர் கேனைத் தள்ளிக்கொண்டே வீடு முழுக்கப் போகிறான். சட்டைக் காலர் எப்போதும் வாயில். அதாவது அவன் உடம்பு தேடியது அழுத்தத்தை, பயந்து ஓடியது சத்தத்தைக் கேட்டு. நான் வாங்கிக் கொடுத்ததோ சத்தம்.

பெரும்பாலான வீடுகளில் முதல் தவறு இதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று 'ஆட்டிசம் கிட்' என்று பெயர் போட்டு விற்கும் பெட்டியை அப்படியே வாங்கிவிடுகிறோம். ஒரே பிரச்சினையின் பெயர் எழுதிய மருத்துவச் சீட்டு வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மணலைத் தொட்டாலே அழும், இன்னொன்று மணலை விட்டு எழுந்திருக்காது. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று நாம் படித்த ஐந்தோடு, உடலின் சமநிலையைச் சொல்லும் புலனும், தசையும் மூட்டும் தரும் அழுத்த உணர்வும் உண்டு. புலன்கள் தரும் தகவலை மூளை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்று பார்க்கும் சென்சரி இன்டகிரேஷன் என்ற துறைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ், தொடு உணர்வோடு இந்த இரண்டையும் அழுத்திச் சொன்னார். காலர் கடிக்கும் பிள்ளைக்கு வேண்டியது தாடைக்கு அழுத்தம். வண்ண விளக்கால் அது கிடைக்காது. வலிப்பு இருக்கும் பிள்ளை என்றால் மின்னி மின்னி அணையும் விளக்குகளை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

அடுத்தது, பெட்டியில் போட்டிருக்கும் வயதை நம்புவது. '3 வயதுக்கு மேல்' என்பது அறிவைக் குறித்து எழுதியது அல்ல. அந்த வயதுக்குள் எதையும் வாயில் வைக்கும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. ஒன்பது வயதிலும் கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். சிறு பாகம் தொண்டையில் அடைக்குமா என்று பார்க்கப் பரிசோதனைக்கூடங்களில் 31.7 மி.மீ. அகலமுள்ள உருளை வைத்திருப்பார்கள். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதைவிடக் கொஞ்சம் பெரிதான பொருள்கூட ஆபத்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சிலவற்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். தண்ணீரில் ஊறி உருண்டு திரளும் ஜெல்லி மணிகளைப் பூச்சாடிக்கென்றும், சென்சரி விளையாட்டுக்கென்றும் விற்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள் போயும் ஊதும், அடைக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் அது வரவே வேண்டாம். பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். அதனால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். இரண்டு சின்னக் காந்தங்களை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பொருள்தானே என்று பல்லாங்குழியில் குன்றிமணி போட்டுக் கொடுக்கிறார்கள். விநாயகருக்குக் கண் வைக்கும் அந்தச் சிவப்பு விதை, கடித்து உடைத்தால் கொடிய விஷம். சோழி போடுங்கள், அதையும் வாயில் வைக்காத பிள்ளைக்கு மட்டும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆன்லைனில் வாங்கும்போது அந்த முத்திரை படத்தில் தெரிகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது, பிள்ளை அதைத் தானாகத் தள்ளிவிட்டு எழ முடிகிறதா என்பதை. கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. தூக்கம் வரும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். 2014இல் பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் தூங்கும் நேரம் கூடவில்லை, ஆனால் சாதாரணப் போர்வையைவிட அதுதான் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிடித்திருந்தது. சரி, பிடித்திருப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் நம் ஊர் மே மாதத்துப் புழுக்கத்தையும் யோசியுங்கள். எங்கள் வீட்டில் கோரைப்பாய் போதுமானதாக இருந்தது. தலை வெளியே இருக்கும்படி அவனைச் சுருட்டி உருட்டுவேன், "போதும்" என்று கை காட்டினால் உடனே பிரித்துவிடுவேன். பக்கெட்டில் பாதித் தண்ணீர் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாமே அவன் உடம்பு கேட்ட வேலைகள். கடிப்பதற்கு மட்டும் சிலிகான் மாலை வாங்கினோம். இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ளது, வாரம் ஒருமுறை பல் பதிந்து கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

காது மூடும் ஹெட்போனை நாள் முழுக்க மாட்டிவிடுவதும் சரியல்ல. கல்யாண மண்டபம், தீபாவளி வெடி, திருவிழா ஸ்பீக்கர் என்று தேவைப்படும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதுமே மாட்டிப் பழகினால் சாதாரணச் சத்தம்கூடத் தாங்காமல் போகலாம்.

அப்புறம், கையில் உருட்டும் ஃபிட்ஜெட்டைத் தண்டனையாகப் பிடுங்குவது. "ஹோம்வொர்க் முடி, தரேன்" என்பார்கள். அதை உருட்டினால்தான் அவனால் உட்கார்ந்து எழுதவே முடியும் என்றால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கச் சொல்வது போலத்தானே? வகுப்பில் கண்ணைப் பறிக்காத, சத்தம் போடாத ஒன்றாக இருந்தால் டீச்சரிடமும் பேசிப் புரியவைக்கலாம்.

வளர்ந்த பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது எனக்கு மனதைப் பிசையும் விஷயம். பதினான்கு வயதுப் பையன் கூட்டாளிகள் முன்னால் எதைக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்று அவனையே கேளுங்கள். சாவிக்கொத்தில் ஒரு ரப்பர் பந்து, விரலில் சுழலும் மோதிரம், முதுகில் கொஞ்சம் கனமான பை, இவை யார் கண்ணையும் உறுத்தாது.

பெரியவர்களுக்கும் இதே தவறைச் செய்கிறோம், நானே செய்தேன். மறதி நோய் வந்த என் மாமியாருக்கு, விரல்களுக்கு வேலை இருக்கட்டும் என்று பட்டனும் ஜிப்பும் தைத்த துணி ஒன்று வாங்கி வந்தேன். கையில் வாங்கிப் பார்த்தார், நான்காக மடித்தார், "யார் குழந்தைது இது? கொண்டுபோய்க் கொடுத்துடு" என்று என்னிடமே நீட்டினார். மறுநாள் மாலை நூறு கிராம் மல்லி மொட்டும் ஈர வாழைநாரும் தட்டில் வைத்து, "அத்தை, கொஞ்சம் கட்டித் தரீங்களா?" என்றேன். இரண்டிரண்டாக மொட்டு சேர்த்து, நாரைச் சுற்றி இழுத்து, ஒரு முழம் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நார் போதவில்லை என்றார்.