வாரச் சமையலை எழுதி வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாரத்துச் சமையலை முன்கூட்டியே எழுதி வைத்தால் காய்கறிச் செலவு குறையும், அடுப்படியில் நிற்கும் நேரம் மிச்சமாகும், "இன்றைக்கு என்ன குழம்பு?" என்ற காலைநேரப் பிக்கல் இராது. இவ்வளவும் தெரிந்துதான் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் நோட்டும் பேனாவுமாக உட்காருகிறார்கள்; இரண்டாம் வாரமே நோட்டை மூடியும் விடுகிறார்கள். பட்டியலைத் தொலைப்பது, உப்பு வாங்க மறப்பது போன்றவை போகப்போகத் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

காயின் ஆயுளைப் பார்க்காமல் கிழமை குறிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அண்ணன் மகள் கும்பகோணத்தில் தனிக்குடித்தனம் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராசுரம் மார்க்கெட்டுக்குப் போய் வாரம் முழுமைக்குமான காய்களை மலிவாக அள்ளி வந்தாள். திங்கள் சேனை வறுவல், செவ்வாய் கருணைக்கிழங்கு மசியல், வியாழன் முளைக்கீரை, வெள்ளி வாழைப்பூ உசிலி என்று நோட்டில் அழகாக எழுதியும் வைத்திருந்தாள். வியாழனன்று கட்டைப் பிரித்தபோது கீரை ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, நடுவில் கொழகொழத்திருந்தது. "ஃபிரிட்ஜில்தானே வைத்தேன், அத்தை" என்றாள். வைத்தது உண்மைதான், ஆனால் மண் போகக் கழுவி, ஈரம் வடியாமலே பிளாஸ்டிக் பையில் முடிந்து, பழுத்த தக்காளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இலையில் தங்கிய ஈரம் அழுகலுக்கு இடம் கொடுக்கும். பழுத்த தக்காளியிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். மலிவாக வாங்கியதில் பாதி எதிர்வீட்டு மாட்டுக்குப் போயிற்று.

வாரம் முழுக்கக் காத்திருக்கக்கூடிய கிழங்குகளை முதல் இரண்டு நாளில் தீர்த்துவிட்டு, மறுநாளே வாடுவதைக் கடைசிக்கு ஒதுக்குவதில் என்ன திட்டம் இருக்கிறது? வாங்கிய அன்றும் மறுநாளும் வாழைப்பூ, அடுத்துப் பிஞ்சுக் கத்தரி, வெண்டை, அவரை, புடலை, அதன்பின் வாழைக்காய், வாரக் கடைசியில் சேனையும் கருணையும் என்று இறங்குவதே முறை. கருணைக்கிழங்கோ காத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் புதிதாகத் தோண்டியதைவிட நாள்பட்டது நாக்கை அவ்வளவாக அரிக்காது. பரங்கி முழுசாக இருந்தால் வாரக்கணக்கில் கிடக்கும். கீற்றாக வாங்கியிருந்தால் இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். கீரையைப் பொறுத்தவரை எந்தக் கீரை என்று பெயர் குறிக்கவே வேண்டாம். "கீரை" என்று மட்டும் எழுதிவிட்டு, அன்று காலை தெருவில் கூடைக்காரம்மா கொண்டு வருவதை வாங்கிக்கொள்ளலாம்.

குழம்பை எழுதி, முன்வேலையை எழுதாமல் விடுவது

வெள்ளிக்கிழமைக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு என்றால், வியாழன் இரவுக்கு எதிரே "கடலை ஊறப்போடு" என்றும் இருக்க வேண்டும். வாழைப்பூவை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே வேகாமல் நிற்கும் நரம்பான கள்ளனை எடுப்பது, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ஆகிற வேலையில்லை; முந்தின இரவே ஆய்ந்து வைத்துவிட்டு, காலையில் நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. இட்லி மாவுக்கும் இதே கணக்குத்தான்: சித்திரையில் சாயங்காலம் அரைத்தது விடிவதற்குள் பொங்கி வழியும், மார்கழியில் அதே மாவு விடிந்தும் அசையாது. ஆகவே மார்கழியில் மதியமே அரைத்து வைப்பது நல்லது.

ஏழு நாளையும் நிரப்புவது

ஒரு வேளையைக் காலியாக விடுங்கள். மிச்சக் குழம்புக்கும் திடீர் விருந்தாளிக்கும் அது போதும்.

காலண்டரைப் பார்க்காமல் எழுதுவது

அமாவாசையன்று மீன் குழம்பு எழுதியவர்களும் உண்டு.

கடல்மீனை ஆண்டு முழுவதும் நம்புவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப் படகுகள் கொண்டுவருவது மட்டுமே கிடைப்பதால் நாகப்பட்டினம் மீனுக்கு நம் பக்கத்துச் சந்தைகளில் விலை ஏறிவிடுகிறது. இது தெரிந்தும் வாரந்தோறும் "ஞாயிறு: வஞ்சிரம்" என்றே எழுதிக்கொண்டிருந்தால் மாதச் செலவு கையை மீறிப் போகும். அந்த இரண்டு மாதத்துக்கு, குளம் வற்றும்போது பிடிபடும் கெண்டையையும் விராலையும் பட்டியலில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பங்குனியிலேயே கருவாடு வாங்கி, வெயிலில் இன்னொரு முறை காயவைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டால், அந்தச் சமயத்தில் மலிந்து கிடக்கும் மாங்காயோடு கத்தரிக்காயும் சேர்த்துக் குழம்பு வைத்துக்கொள்ளலாம்.