தூரைத் தோண்டாமல் சீமைக்கருவேலத்தைத் தொடாதீர்கள்

மதுரை யானைமலை அடிவாரத்தில், கண்மாய்க் கரையை ஒட்டிய சிறு காட்டில் ஞாயிறுதோறும் சீமைக்கருவேலம் அகற்றுகிறோம். முதல் ஆண்டு அரிவாளால் தரையோடு தரையாக வெட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுத் தளிர்கள். மனம் விட்டுப்போயிற்று.

அந்த மரத்தின் உயிர் மண்ணுக்குள், தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே உறங்கும் மொட்டுகள் தப்பினால் மரமும் தப்பிவிடும். அதனால் முதலில் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, தண்டை இடுப்பளவு நிறுத்துங்கள். பிடித்து ஆட்ட அது வேண்டும். சுற்றிலும் ஒரு முழ ஆழம் மண்ணைப் பறித்து, பக்கவேர்களைக் கோடாலியால் வெட்டி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் பதமாக இருக்கும்போது பாதி உழைப்பு மிச்சம். முள் செருப்பைத் துளைத்துவிடும். கனத்த பூட்ஸ் அணியுங்கள்.

வெட்டுமுன் பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலம் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும். காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ விரல் நீளக் கதிர். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல நாட்டுக் கருவேலம் ஒன்றைச் சாய்த்துவிட்டோம். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. ஆனாலும் புறம்போக்கு நிலத்தில் கைவைக்குமுன் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடமும் பேசுங்கள். கோடையில் அதன் நெற்றுதான் ஆடுகளுக்குத் தீனி. செரிக்காத விதைகள் புழுக்கையோடு விழுந்து முளைப்பதும் அப்படித்தான். எங்கள் பகுதியில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கேட்டுக்கொண்டதால் ஒரே மூச்சில் அழிக்காமல், பருவத்துக்கு ஒரு மூலையாக எடுக்கிறோம். குருவிக்கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைக்கிறோம். விறகு அக்கம்பக்கத்து அடுப்புகளுக்குப் போகிறது.

தோண்டிய குழியை வெறுமனே விடாதீர்கள். மேட்டில் உசிலை, வெள்வேல், ஆத்தி. நீரோரம் நீர்மருது, புங்கன். எது நம் மண்ணுக்கு ஒத்துவரும் என்று பார்க்க இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். உசிலை அங்கே தானாக நிற்கிறது.

மண்ணில் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திரும்பப் போங்கள். விரல் உயரக் கன்றை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். முழங்காலைத் தொட்டுவிட்டால் மறுபடியும் கடப்பாரை எடுக்க வேண்டும்.