மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம்: என் அனுபவம்

மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் என் இரத்த அழுத்தம் பல வாரங்களாக 150/95-க்குக் கீழே இறங்க மறுத்தது. முதலில் அளவிடும் முறையைத்தான் சந்தேகித்தேன். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கால்மேல் கால் போட்டு, பேசிக்கொண்டே அளந்தவன் நான். பிறகு 5 நிமிடம் அமைதியாக முதுகைச் சாய்த்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, வெறும் கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, காலையிலும் மாலையிலும் இருமுறை அளந்து குறித்து வந்தேன். எண் சற்றே இறங்கியது; அது போதவில்லை.

குறிப்பேட்டைப் புரட்டிய மருத்துவர் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான், முழங்கால் வலிக்காக நானே வாங்கி அன்றாடம் போட்டுக்கொண்ட இபுபுரூஃபென் நினைவுக்கு வந்தது. (அதை நான் ஒரு மருந்தாகவே கணக்கில் வைத்திருக்கவில்லை.) அவ்வகை வலி நிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தேங்கவைத்து அழுத்தத்தை ஏற்றுவதோடு, சில இரத்த அழுத்த மருந்துகளின் வேலையையும் மழுங்கடிக்கும். அவர் சொன்னபடி அதை நிறுத்தினேன். நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தேன். உப்பை உலக சுகாதார நிறுவனம் கூறும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, அடக்கினேன். உப்புதான் கடினம், நாக்கு பழகவே மூன்று வாரம் பிடித்தது. இரண்டு மாதத்தில் அளவு 128/82-இல் நின்றது. இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நானாக நிறுத்தவில்லை.