உப்புக்காற்றில் இருந்த ஆம்ப்ளிபையருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த சான்சுய், மராண்ட்ஸ், பயனியர் ஆம்ப்ளிபையர் செட்டுகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. விற்கிறவர்கள் முன்பக்கத்துப் பெயரைக் காட்டித்தான் விலை சொல்வார்கள். ஆனால் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் இருபது வருடம் இருந்த செட்டும் பாம்பனில் இருபது வருடம் இருந்த செட்டும், மாடல் ஒன்றானாலும், ஒரே சரக்கு அல்ல. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். உள்ளே பாகங்களைப் பற்றவைத்த சர்க்யூட் போர்டில் படிந்திருக்கும் உப்புத்தூசி அப்போது மெல்லிய உப்புத்தண்ணீராகி, போகக்கூடாத இடத்தில் கரண்டைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். அதனால் இந்தக் கரையில் விலையை மூடியைத் திறந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், டார்ச், போனில் இருந்து ஆம்ப்பின் பின்பக்க ஆர்.சி.ஏ. (பாட்டு உள்ளே போகும் வட்டச் சாக்கெட்) வரை போகும் ஒயர், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர். இவற்றோடு, உள்ளே ஷார்ட் இருந்தால் கரண்டை மட்டுப்படுத்த ஒரு சீரிஸ் லேம்ப்: பிளக்கில் இருந்து வரும் பேஸ் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு ஹோல்டர் வைத்து 100 வாட் குண்டு பல்ப் போட்டால் தயார். எல்.இ.டி. பல்ப் இதற்கு ஆகாது, இழை உள்ளதுதான் வேண்டும். ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் கட்டிக் கொடுப்பார்.

படி 1: செருகுவதற்கு முன் பின்பக்கம்

வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். சவூதியில் வீடுகளுக்கு நெடுங்காலம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்தான். துபாய் செட்டு 220. ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட் மட்டும், செலக்டரே இருக்காது. 127ல் நிற்கும் செட்டை நம் 230ல் செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸ் மட்டும் போகும். 220, 240 இரண்டும் இருந்தால் 240ல் வையுங்கள், சூடு குறையும். 100 வோல்ட் செட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

அப்படியே ஸ்க்ரூ தலைகளையும் பார்த்துவிடுங்கள். துருப்பிடித்திருந்தால் உப்பு வந்துபோன இடம். வரி தேய்ந்து பளபளத்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள்.

படி 2: மூடியைத் திறப்பது

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். சோடா பாட்டில் மூடி அகலத்துக்கோ அதைவிடப் பெரிதாகவோ நிற்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள்தான் பில்டர் கெப்பாசிட்டர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். மீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்து அவற்றின் முனைகளை அளந்து, 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே உள்ளே கை வையுங்கள்.

டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் படலம் தெரியாது. காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே இருக்கும் போர்டில்தான் முதலில் உப்பு இறங்கும். டிரான்ஸிஸ்டர் கால்கள் கறுத்திருப்பது பழைய செட்டில் சகஜம், பயப்பட வேண்டாம். கால் போர்டில் நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால்தான் கவலை. ஒரு தீக்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். களிம்பு உதிர்ந்து அடியில் செம்புக்கோடு முழுசாகத் தெரிந்தால் சுத்தம் செய்து காப்பாற்றலாம். கோடும் சேர்ந்து உதிர்ந்தால், அந்தப் போர்டுக்கு விலை கிடையாது.

குளவி மண்கூடு, பல்லி முட்டை, கரப்பான் எச்சம் எல்லாம் இருக்கும். டிரான்ஸிஸ்டர் சூட்டை இறக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க், பல்லிக்குப் பிடித்த இடம். இரண்டு முனைகளுக்கு நடுவில் கருகிக் கிடக்கும் பல்லி வேடிக்கை அல்ல. அந்த சேனலில் (இடது அல்லது வலது பக்கத்தில்) என்ன போயிற்று என்று கேட்க வேண்டும்.

பழைய சான்சுய்களில் இன்னொன்று: கெப்பாசிட்டர் அசையாமல் இருக்க அடியில் பூசிய பசை. வெளிர் நிறத்தில் இருந்தால் சரி. பழுப்பாகிக் கெட்டியாகியிருந்தால் அது கரண்ட் கடத்தும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். சுரண்டி எடுத்து, சுற்றியுள்ள சிறு பாகங்களை மாற்றும் கூலி ஒரு நாள் வேலைக்கு வரும்.

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸிஸ்டர்களின் எண்களைப் போட்டோ எடுங்கள். தோஷிபாவின் 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302 ஜோடி எப்போதோ உற்பத்தி நின்றுபோனது; இன்று கடையில் புதிதாகக் கிடைப்பதில் பெரும்பாலும் போலி. ஒரு சேனலில் ஒரு எழுத்து வடிவம், மறு சேனலில் வேறு என்றால் ஒரு பக்கம் எரிந்து மாற்றியிருக்கிறார்கள்.

படி 3: வாட்ஸ் உண்மையா?

விளம்பரத்துக்கு ஊதிப் பெருக்கிய பி.எம்.பி.ஓ. வாட் எண்ணை மறந்துவிடுங்கள். பில்டர் கெப்பாசிட்டரில் அச்சடித்த வோல்ட்டைப் பாருங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி 16ஆல் வகுத்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனல் தரக்கூடிய உச்ச வரம்பு கிடைக்கும். 35 வோல்ட் என்றால் 35 × 35 ÷ 16 = சுமார் 77 வாட். உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. 35 வோல்ட் கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு ‘சேனலுக்கு 200 வாட்’ என்றால் அது வியாபாரப் பேச்சு. இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் பிரிட்ஜ் வகைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. வாட் குறைவு என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம்: 1978ல் வந்த நாட் (NAD) 3020 ஆம்ப்புக்குச் சொன்ன பவர் 20 வாட்தான், அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

படி 4: சீரிஸ் லேம்ப்பில் ஓட்டுவது

ஸ்பீக்கர் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். பல்ப் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். கிளாஸ் ஏ செட்டு மட்டும் விதிவிலக்கு, சும்மா இருக்கும்போதே நிறைய இழுக்கும். பல்ப் இருக்கும்போது, ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைக்கும் சுவிட்சான ரிலே ‘டக்’ என்று விழாமல் போகலாம், வோல்டேஜ் குறைவதால் வருவது அது. பல்ப்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தால் சில நொடிகளில் விழ வேண்டும்.

படி 5: டி.சி. அளவு

ஸ்பீக்கர் முனைக்கு டி.சி. வந்தால் ஸ்பீக்கர் எரியும். அதனால் பத்து நிமிடம் சூடானதும் மீட்டரை டி.சி. 2 வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் முனையிலும் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் நன்று, 50 வரை பொறுக்கலாம், 100 தாண்டினால் வேலை இருக்கிறது. புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான்: ரிலே விழாத செட்டில் முனை துண்டிக்கப்பட்டிருப்பதால் மீட்டர் பூஜ்யம் காட்டும். ‘டக்’ கேட்ட பிறகு அளந்ததுதான் கணக்கு.

படி 6: கேட்பது

இப்போது பழைய ஸ்பீக்கரை மாட்டுங்கள். வால்யூம், பேலன்ஸ், ஒவ்வொரு செலக்டரையும் திருப்புங்கள். கரகரப்பு தொடர்பு முனைகளின் அழுக்கு. கான்டாக்ட் கிளீனரில் போகும், அதற்காக விலையைப் பெரிதாகக் குறைக்க முடியாது. ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வந்தால் இன்புட் ஒயரை இடம் வலம் மாற்றுங்கள். அந்தக் குறை மறுபக்கத்துக்கு மாறினால் குற்றம் ஒயரிலோ போனிலோ. மாறாவிட்டால் ஆம்ப்பிலோ ஸ்பீக்கரிலோ. அடுத்து ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வால்யூம் பூஜ்யத்திலும் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் பில்டர் கெப்பாசிட்டர் மேல் சந்தேகப்படலாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு இரண்டு ஹீட்சிங்க்கையும் தொடுங்கள். சூடு ஒத்திருக்க வேண்டும்.

படி 7: விலை

அதே மாடல் நல்ல நிலையில் உண்மையில் விற்றுப்போன விலையைத் தேடுங்கள். கேட்கும் விலை கணக்கில் வராது. ஒரு கணக்குக்கு 40,000 ரூபாய் என்று வைப்போம். ரிலே, கெப்பாசிட்டர், பசை எடுக்கும் கூலி என்று மெக்கானிக் 6,000 சொன்னால் இரண்டு மடங்காக 12,000 கழியுங்கள், ஏனென்றால் கடலோர செட்டில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உதிரும். போலி டிரான்ஸிஸ்டர் இருந்தால் மிச்சம் 28,000ல் இன்னும் கால்வாசியைக் கழியுங்கள். 21,000 வந்துவிட்டது. செம்புக்கோடு உதிர்ந்த போர்டு என்றால் டிரான்ஸ்பார்மருக்கும் ஹீட்சிங்க்குக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

மூடியைத் திறக்க விடமாட்டேன் என்கிறவரிடம் சண்டை வேண்டாம். ‘திறந்து பார்க்காம எடுக்கிறதில்லண்ணே’ என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பையில் போடுங்கள். பாதிப் பேர் வாசலுக்குள்ளேயே கூப்பிட்டுவிடுவார்கள்.