அலுவலக மின்னஞ்சலோடு திறந்த மூல நாட்காட்டியை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறிய உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் அலுவலகங்களிலும் ஏறக்குறைய ஒரே தேவைதான் இருக்கிறது. சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் மைக்ரோசாஃப்ட் 365-இல் இயங்குகிறது. இங்கே உள்ள கணினிகளில் லினக்ஸும், அஞ்சலையும் நாட்காட்டியையும் கையாளும் திறந்த மூல மென்பொருளான தண்டர்பேர்டும் இருக்கின்றன. கூட்ட அழைப்புகள் இரு பக்கமும் பிசகின்றிப் போய்வர வேண்டும். இது நிச்சயமாக நடக்கக்கூடிய காரியம். ஆனால் ஓர் ஆய்வுக் கூட்டம் தவறிப்போனால் உடனே பழி திறந்த மூல மென்பொருளின் மீது விழுகிறது, அடுத்த மாதமே எல்லாக் கணினிகளுக்கும் மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கும் பேச்சு எழுகிறது. பெரும்பாலும் குறை மென்பொருளில் இல்லை, அதை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்தத் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வருவது, மின்னஞ்சல் வந்துவிட்டால் நாட்காட்டியும் தானாக வந்துவிடும் என்று நினைப்பது. சர்வரிலிருந்து அஞ்சலைப் பெறும் நெறிமுறையான ஐமேப் வழியாக வருவது அஞ்சல் மட்டுமே. நாட்காட்டிக்கு 2007-இல் வரையறுக்கப்பட்ட கால்டேவ் என்ற தனி நெறிமுறை உண்டு. நெக்ஸ்ட்கிளவுட், ராடிகேல் போன்ற திறந்த மூல சர்வர்கள் அதைப் பேசுகின்றன, கூகுள் காலண்டரும் பேசுகிறது, மைக்ரோசாஃப்ட் 365-க்குப் பின்னால் இருக்கும் அஞ்சல் சர்வரான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் பேசுவதில்லை. ஆகவே எந்த மென்பொருள் நல்லது என்று தேடுவதற்கு முன்பு, அலுவலக மின்னஞ்சல் எந்த சர்வரில் இருக்கிறது, வெளி மென்பொருள்களுக்கு அது எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்று நிர்வாகியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தொடங்கியதால் வீணான வேலை நாட்கள் எத்தனையோ.

எக்ஸ்சேஞ்ச் என்று தெரிந்தால், லினக்ஸில் எவல்யூஷன் என்ற அஞ்சல், நாட்காட்டி மென்பொருளை, எக்ஸ்சேஞ்சோடு வெளி மென்பொருள்கள் பேசும் வழியான இ.டபிள்யூ.எஸ்.-க்குரிய துணைத்தொகுப்போடு நிறுவுவது நேரான வழி. தண்டர்பேர்டையே வைத்துக்கொள்ள விரும்புவோர், எக்ஸ்சேஞ்சுக்கும் கால்டேவுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்போல இயங்கும் டேவ்மெயிலைப் பயன்படுத்தலாம். 2025 நவம்பரில் வந்த தண்டர்பேர்ட் 145-ஆம் பதிப்பு எக்ஸ்சேஞ்சை நேரடியாக ஏற்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, டேவ்மெயிலை உடனே நீக்கிவிடுவது ஒரு புதிய தவறு. அந்தப் பதிப்பில் வந்தது அஞ்சலுக்கான ஆதரவு மட்டுமே, நாட்காட்டிக்கு அல்ல.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இ.டபிள்யூ.எஸ். வழியை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்ற தன் மேகச் சேவையில் 2026 அக்டோபரில் தொடங்கி நிறுத்தப்போவதாகவும், அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் கிராஃப் வழிக்கு மாற வேண்டும் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எனவே இன்று எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும், அது கிராஃப் வழிக்கு மாறிவிட்டதா அல்லது மாறும் பணி நடக்கிறதா என்று அதன் வெளியீட்டுக் குறிப்பில் பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது.

கடவுச்சொல் விஷயத்தில் நடக்கும் தவறு சிறியதாகத் தெரிந்தாலும் ஆபத்தானது. 2022 அக்டோபரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன், பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை மூடத் தொடங்கியது. கூகுளின் கால்டேவ் வழியும், கடவுச்சொல்லை மென்பொருளிடம் தராமல் உலாவியில் நுழைந்து அனுமதி தரும் ஓஆத் முறையைத்தான் கேட்கிறது. அப்படியிருக்க, கடவுச்சொல் தவறு என்ற செய்தியைப் பார்த்து அதையே மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்து கணக்கைப் பூட்டிக்கொள்கிறார்கள். அமைப்பில் ஓஆத் என்பதைத் தேர்ந்தெடுத்த பின்பும் நிர்வாகியின் ஒப்புதல் தேவை என்று வந்தால், கேட்டுப் பெறுவதே முறை. சிலர் அதைச் சுற்றிக்கொண்டு, அலுவலக அஞ்சல் முழுவதையும் தம் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். வாங்குபவரின் விலைப்பட்டியலும் வரைபடங்களும் சேர்ந்தே வெளியே போகும் என்பதால், அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் தருவது கூட்ட அழைப்புகள்தான். அழைப்போடு வரும், நிகழ்வின் விவரங்களைத் தாங்கிய ஐ.சி.எஸ். கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் மூன்று வரிகள் கண்ணில் படும்: இது அழைப்பா, மாற்றமா, ரத்தா என்று சொல்லும் மெத்தட் வரி, நிகழ்வுக்கே உரிய யு.ஐ.டி. என்ற நீண்ட அடையாளக் குறி, எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் சீக்வென்ஸ் எண். வாங்குபவர் புதன்கிழமை ஆய்வை வியாழனுக்கு மாற்றும்போது, அதே யு.ஐ.டி.யோடும் கூடுதல் சீக்வென்ஸ் எண்ணோடும் புதிய அஞ்சல் வருகிறது. நம் மென்பொருள் அந்தக் குறியைப் பொருத்திப் பார்த்துப் பழைய நிகழ்வை நகர்த்துகிறது. அழைப்பை அஞ்சலில் உள்ள ஏற்கும் பொத்தானால் ஏற்காமல், இணைப்பைத் தரவிறக்கி நாட்காட்டியில் இறக்குமதி செய்தால், நிகழ்வு வந்து உட்காரும், ஆனால் அழைத்தவருக்குப் பதில் போகாது. அவர் பட்டியலில் நாம் பதில் தராதவராகவே இருப்போம். அதே விவரத்தைக் கையால் புதிய நிகழ்வாக எழுதிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம், அதன் யு.ஐ.டி. வேறு என்பதால், வியாழனுக்கு மாறிய செய்தி அதைத் தொடவே தொடாது.

ஏற்கும் பொத்தானே தெரியவில்லை என்றால் தண்டர்பேர்டில் அந்த நாட்காட்டியின் பண்புகளைத் திறந்து, மின்னஞ்சல் என்ற இடத்தில் அலுவலக முகவரி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது காலியாக இருந்தால், யார் பெயரில் பதில் அனுப்புவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நெக்ஸ்ட்கிளவுடிலும் இதே கதைதான்: பயனர் விவரத்தில் மின்னஞ்சல் முகவரி இல்லையென்றால் அழைப்பு வெளியே போகாது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. சர்வரும் அழைப்பு அனுப்பி, நம் கணினியிலுள்ள மென்பொருளும் அனுப்பினால், வாங்குபவருக்கு ஒரே கூட்டத்துக்கு இரண்டு அஞ்சல் போகும். அனுப்பும் பொறுப்பு இரண்டில் ஒன்றுக்கே இருக்கும்படி அமைப்பில் தீர்மானித்துவிட வேண்டும். அழைப்புக்குப் பதிலாக வின்மெயில்.டாட் என்ற கோப்பு வந்து நின்றால், அனுப்பியவரின் அவுட்லுக் ரிச் டெக்ஸ்ட் வடிவில் அனுப்பியிருக்கிறது என்று பொருள், அதை ஹெச்.டி.எம்.எல். ஆக மாற்றச் சொன்னால் போதும்.

நேரக் கணக்கைப் பற்றி, இந்தியாவில் ஒரே நேரம்தானே என்ற எண்ணத்தில், பலர் கவலைப்படுவதே இல்லை. விண்டோஸ் நம் நேரத்தை இந்தியா ஸ்டாண்டர்ட் டைம் என்ற பெயரால் குறிக்கிறது. திறந்த மூல மென்பொருள்கள் ஏசியா/கொல்கத்தா என்று குறிக்கின்றன. இந்தப் பெயர்களைப் பொருத்தத் தெரியாத ஒரு பழைய செயலி, காலை 10 மணிக் கூட்டத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு பிற்பகல் 3.30-க்குக் காட்டும். நிகழ்வு சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் காரணம் இதுவாகவே இருக்கும். நிகழ்வைக் கையால் இழுத்துச் சரிசெய்யாமல் மென்பொருளைப் புதுப்பிப்பதே தீர்வு. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் காலை 10 மணிக்கு நடக்கும் வாராந்திரக் கூட்டம் கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு 2.30. அதை நம் நேரத்தில் 1.30 என்று பதிந்து அழைப்பு அனுப்பினால், குளிர்காலம் முழுவதும் அவர்களுக்கு அது ஒன்பது மணிக் கூட்டமாகிவிடும். கூட்டம் யாருடைய கடிகாரத்தைச் சார்ந்ததோ அந்த நாட்டின் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தே தொடர் நிகழ்வை உருவாக்க வேண்டும்.

விடுமுறைப் பட்டியலை விரிதாளிலிருந்து ஐ.சி.எஸ். கோப்பாக மாற்றும் அலுவலகங்கள், முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதை மறந்துவிடுகின்றன. பொங்கலுக்கு ஜனவரி 14 முதல் 16 வரை விடுமுறை என்றால், கோப்பில் முடிவு 17 என்று இருக்க வேண்டும். 16 என்று எழுதினால் ஒரு நாள் விடுமுறை காணாமல் போகும்.

தமிழில் தலைப்பு எழுதுவோருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. ஐ.சி.எஸ். கோப்பின் வடிவத்தை வகுக்கும் ஐகாலெண்டர் வரையறையில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, நீண்டால் மடிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுப்பதால், தருமபுரிக் கிளையின் மாதாந்திரக் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டம் போன்ற ஒரு தலைப்பே இரண்டு, மூன்று வரியாக மடிந்துவிடும். கவனமின்றி எழுதப்பட்ட கருவி ஓர் எழுத்தின் நடுவிலேயே மடிக்கும்போது, மறுமுனையில் அந்த இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. தலைப்பைச் சுருக்கமாகவும் விவரத்தைக் குறிப்புப் பகுதியிலும் எழுதுங்கள். உடைந்து வந்த மாதிரிக் கோப்பை அந்த மென்பொருளின் வழுப்பதிவில் சேருங்கள். தமிழ் பயன்படுத்துவோர் புகார் தராவிட்டால், இது யார் கண்ணிலும் படப்போவதில்லை.

அவுட்லுக்கில் வெளியிடப்படும் ஐ.சி.எஸ். இணைப்பைச் சேர்த்துவிட்டு, இருவழி ஒத்திசைவு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது பார்ப்பதற்கு மட்டுமே, அதுவும் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படும். கைப்பேசியில் கால்டேவ் ஒத்திசைவுச் செயலியான டேவ்எக்ஸ்5 வழியாகவும் வேறு செயலி வழியாகவும் ஒரே கணக்கைச் சேர்த்தால் எல்லாம் இரட்டையாகத் தெரியும்.

பழைய நாட்காட்டியைப் புதிய சர்வருக்கு மாற்றும் நாளில் ஒரு கட்டாயமான முன்னெச்சரிக்கை உண்டு. பழையதை ஐ.சி.எஸ். கோப்பாக ஏற்றுமதி செய்து வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். அழைப்புகளைத் தானே அனுப்பும் சர்வரில் அந்தக் கோப்பை அப்படியே ஏற்றினால், என்றோ முடிந்துபோன கூட்டங்களுக்கெல்லாம் வாடிக்கையாளர்களுக்குப் புதிதாக அழைப்பு பறக்கக்கூடும். ஆகவே முதலில் கோப்பின் பிரதி ஒன்றிலிருந்து பங்கேற்பாளர் வரிகளையும் அழைத்தவர் வரியையும் நீக்கி, அதை ஒரு சோதனைக் கணக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வெளி முகவரிக்குத் தொடர் கூட்டம் ஒன்றை அனுப்பி, அதில் ஒரு வாரத்தை மட்டும் நகர்த்தி, இன்னொரு வாரத்தை ரத்து செய்து, மறுமுனையில் அவுட்லுக் என்ன காட்டுகிறது என்று அந்த முகவரிக்காரரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பின்பே மற்றவர்களின் கணக்குகளை மாற்றலாம்.