உறைந்த மண் எவ்வளவு தாங்கும்? ஃப்ரீசரில் நீங்களே செய்து பார்க்க ஒரு செய்முறை

ஈர மணலை ஒரு டப்பாவில் அடைத்து, ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துத் தட்டிப் பாருங்கள். கல்லைத் தட்டுவது போலச் சத்தம் வரும். கையால் உடைக்க முடியாது. இவ்வளவு கெட்டியான தரையில் கட்டடம் கட்ட என்ன தயக்கம் என்று தோன்றும். குளிர்ப் பிரதேசக் கட்டுமானத்தைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாடத்தில் படித்த விடை மனதில் தங்கவில்லை. ஒரு மண் சட்டம் ஃப்ரீசருக்குள்ளேயே, உருகாமலே, மெல்ல வளைந்து தொங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தங்கியது. அதை நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. உறைந்த மண்ணுக்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன: மண் துகள், பனிக்கட்டி, காற்று, உறையாத நீர். நான்காவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். களிமண் துகளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே போன பிறகும் திரவமாகவே இருக்கும். மணலில் அப்படியில்லை, பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயே ஏறக்குறைய எல்லா நீரும் உறைந்துவிடும். ஒரே குளிரில் மணல் கெட்டியாகவும் களிமண் நெகிழ்வாகவும் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தேவையானவை: உலர்ந்த மெல்லிய மணல், களிமண், வண்டல் மண் (மணலைவிட நுண்ணிய, களிமண்ணைவிடப் பருத்த துகள் உள்ளது), கொஞ்சம் உப்பு, சமையலறைத் தராசு, 5 செ.மீ. உள்விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு, தெர்மோகோல், ஃப்ரீசருக்குள் வைக்க ஒரு தெர்மாமீட்டர். உணவு வைக்கும் ஃப்ரீசர் என்றால் ஒவ்வொன்றையும் இரட்டைப் பையில் போட்டு வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் எதையும் அச்சாகப் பயன்படுத்த வேண்டாம், வெடித்துவிடும்.

படி 1: மாதிரியின் கணக்கு

குழாயை நெடுக்காக அறுத்து, மறுபடி சேர்த்து டேப் சுற்றுங்கள். பிறகு பிரித்து எடுக்க வசதியாக இருக்கும். உயரம் விட்டத்தைப் போல இரு மடங்கு இருக்கட்டும்; ஆய்வகத்திலும் இந்த விகிதம்தான் வழக்கம்.

இந்த அச்சின் கொள்ளளவு சுமார் 196 கன செ.மீ. அதில் 314 கிராம் உலர் மணல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணல் துகளின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.65 கிராம் என்றால், துகள்கள் மட்டும் பிடிக்கும் இடம் 118 கன செ.மீ. மீதி 78 கன செ.மீ. வெற்றிடம்.

அப்படியானால் 78 கிராம் தண்ணீர் ஊற்றலாமா? கூடாது. நீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும். நான் முதல் தடவை முழுக்க ஊற்றியதில் அச்சின் வாய் பிளந்து மாதிரி வீங்கிப் போயிருந்தது. 70 கிராம் ஊற்றினால் அது 76 கன செ.மீ. பனிக்கட்டியாகும், வெற்றிடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே 70 கிராம். மணலோடு நன்றாகக் கலந்து, மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கட்டையால் குத்தி இறுக்குங்கள்.

படி 2: உறையவைத்தல்

இரண்டு முனையையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் ஃப்ரீசரின் வறண்ட காற்று மேற்பரப்புப் பனிக்கட்டியை உறிஞ்சிவிடும். ஓரம் பொடிப் பொடியாக உதிரும். ஒரு நாள் முழுவதும் வையுங்கள்.

படி 3: வேகமாக ஒரு சோதனை

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, உருளையைச் சுத்தியலால் அடியுங்கள். சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எவ்வளவு தாங்கும் என்று அளக்க வீட்டில் வழியில்லை. நன்றாக உறைந்த மணலின் அமுக்க வலிமை 10 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும். நம் உருளையின் பரப்புக்கு அது இரண்டு டன் எடை! ஆய்வகத்தில் இதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி7300 என்ற சோதனை முறை இருக்கிறது. குளிரறையில் வைத்து, மாதிரியை மாறாத வேகத்தில் அமுக்குவார்கள். நிமிடத்துக்கு உயரத்தில் 1 சதவீதம் என்று வைத்தால், நம் 10 செ.மீ. உருளை நிமிடத்துக்கு 1 மி.மீ. குறுகும்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். அதே மாதிரியைப் பல மடங்கு மெதுவாக அமுக்கினால், குறைந்த சுமையிலேயே அது பீப்பாய் போல நடுவில் உப்பி இளகிக்கொடுக்கும். வேகமாக அமுக்கினால் கூடுதல் சுமையைத் தாங்கிவிட்டு, பிறகு சட்டென்று விரிந்து உடையும். எனவே, என்ன வெப்பநிலை, எந்த வேகம் என்று சொல்லாமல் வலிமையை மட்டும் எண்ணாகக் கொடுத்தால், அந்த எண்ணை நம்பாதீர்கள்.

படி 4: சுமையை வைத்துவிட்டுக் காத்திருத்தல்

இந்தச் செய்முறையின் உயிர் இந்தப் படிதான்; அவசரப்படாமல் செய்யுங்கள்.

2 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம், 18 செ.மீ. நீளத்தில் மூன்று சட்டங்கள் வார்த்து உறையவையுங்கள். ஒன்று மணலும் நல்ல தண்ணீரும். அடுத்தது களிமண்ணும் நல்ல தண்ணீரும். மூன்றாவது களிமண்ணும் உப்புத் தண்ணீரும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, கடல்நீரைப் போல.

ஃப்ரீசரின் குளிரைக் குறைந்த அளவில் வையுங்கள். உள்ளேயே இரண்டு கட்டைகளை 15 செ.மீ. இடைவெளியில் வைத்து, அவற்றின் மேல் சட்டத்தைக் கிடத்தி, நடுவில் 2 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கட்டைக்குக் கட்டை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் சட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். முதல் மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு நாளைக்கு இரண்டு முறை. கதவை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டாம்.

மணல் சட்டம் அநேகமாக அசையாது. உப்புக் களிமண் சட்டம் தொய்யத் தொடங்கும். எதுவும் உருகவில்லை, சுமையும் கூடவில்லை, ஆனாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்குத் தவழ்வு என்று பெயர். துகளும் துகளும் முட்டும் இடத்தில் அழுத்தம் குவிவதால் அங்கே பனிக்கட்டி கொஞ்சம் நீராகிறது. அந்த நீர் அழுத்தம் குறைந்த பக்கம் நகர்ந்து மறுபடி உறைகிறது. பனிக்கட்டியும் தன் பங்குக்குக் குழைகிறது, துகள்கள் இடம் மாறுகின்றன. உப்பு உறைநிலையைத் தாழ்த்துவதால் மூன்றாவது சட்டத்தில் திரவம் அதிகம். அதனால்தான் அது முந்துகிறது. கடலோர உறைமண்ணில் பொறியாளர்கள் உப்பின் அளவைத் தனியே சோதிப்பதும் இதற்காகத்தான்.

பனிக்கட்டி ஏன் இப்படிக் குழைகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். மைனஸ் 5 டிகிரி என்பது கெல்வின் அளவில் 268, உருகுநிலை 273. அதாவது உருகுநிலையின் 98 சதவீதத்தில் அது நிற்கிறது. 1538 டிகிரியில் உருகும் இரும்பை 1505 டிகிரிக்குக் காய்ச்சி, அதன் மேல் அஸ்திவாரம் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

அளவுகளை நேரத்துக்கு எதிராக வரைந்தால், இறக்கம் முதலில் வேகமாக இருந்து தணியும். பிறகு ஏறக்குறைய சீராகப் போகும். சுமை அதிகம் என்றால் கடைசியில் மறுபடி வேகமெடுத்து முறியும். அந்த மூன்றாம் கட்டம் கட்டடத்தின் ஆயுளுக்குள் வந்துவிடாதபடி சுமையை வைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. நிமிடக் கணக்கில் கிடைத்த வலிமையை வைத்துக்கொண்டு ஐம்பது வருடக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடக் கூடாது.

படி 5: மண் எழும்புவதைப் பார்த்தல்

அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டம்ளரில் ஈர வண்டலை நிரப்பி, தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். தட்டையும் பக்கங்களையும் தெர்மோகோலால் கனமாக மூடி, மேல்பரப்பை மட்டும் குளிருக்குத் திறந்துவிடுங்கள். குளிர் மேலிருந்து மெதுவாக இறங்க வேண்டும். தட்டு நீர் உறைவதற்குள் வெளியே எடுத்து, மண்ணை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். சரியாக அமைந்தால், மேல்மட்டம் எழும்பியிருக்கும். குறுக்கே மெல்லிய பனிக்கட்டி வில்லைகள் தெரியும்.

உறையும் நீர் பருப்பதால் மட்டும் இப்படி எழும்புவதில்லை. உறையும் முகப்பு, அதாவது உறைந்த மண்ணும் உறையாத மண்ணும் சந்திக்கும் எல்லை, கீழேயுள்ள நீரை மேலே உறிஞ்சுகிறது. அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீருக்குப் பதில் பென்சீன் என்ற திரவத்தை வைத்துச் சோதித்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். ஆனாலும் மண் எழும்பியது!

மணலில் நீர் எளிதாக ஓடும், உறிஞ்சும் விசை குறைவு. களிமண்ணில் விசை உண்டு, நீர் ஓடாது. இரண்டும் போதுமான அளவில் சேர்ந்த வண்டல்தான் மோசமானது. பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்கும் நுண்ணிய துகள் 3 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை என்று மண் பொறியாளர் ஆர்தர் காசக்ராண்டே வகுத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது.

படி 6: உருகவிடுதல்

வெட்டிய வண்டலில் ஒரு பாதியை ஒரு தட்டில் அறை வெப்பத்தில் வைத்து, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லைகள் இருந்த இடத்தில் நீர் கசியும். அந்த நீர் வெளியேற வழியில்லாவிட்டால் மண் கூழாகிவிடும். சுண்டுவிரலால் அழுத்தினாலே உள்ளே போகும். படி 1-இன் முறையில் ஒரு மணல் உருளை கூடுதலாகச் செய்து பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அதில் அதிகப்படி பனிக்கட்டி இல்லாததால், அச்சுக்குள் இருக்கும்வரை உயரம் பெரிதாகக் குறையாது.

குளிர்நாட்டுக் கட்டுமானத்தின் பாதி தந்திரங்கள் இந்தக் கூழைத் தவிர்க்கத்தான். இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து பூஜ்ஜியத்திலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்பார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் நிற்கும் ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரக் கட்டடங்கள் பலவும் பைல்கள் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல், அடியில் காற்றோட விட்டுக் கட்டப்பட்டவை. வீட்டின் சூடு தரைக்குப் போகாது. 1977-இல் முடிந்த அலாஸ்கா எண்ணெய்க் குழாய் சுமார் 1,287 கி.மீ. நீளம். சூடான எண்ணெய் நிலத்தை உருக்கிவிடும் என்பதால், அதில் பாதிக்கு மேல் தூண்களின் மேலே போகிறது. பல தூண்களுக்குள் அம்மோனியா நிரப்பிய குழாய்கள் இருக்கின்றன. அடியில் நிலத்தின் சூட்டை வாங்கி அம்மோனியா ஆவியாகும். மேலே குளிர்காலக் காற்றில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிக் கீழே வழியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வெளிக்காற்று நிலத்தைவிடக் குளிராக இருக்கும்வரை அது தானே ஓடும். கோடையில் தானே நின்றுவிடும்.