மலையிலிருந்து மரக்கறி ஏற்றி அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மரக்கறி போய்ச் சேரும் மொத்தச் சந்தையுள்ள தம்புள்ளை 200 மீற்றரைக்கூட எட்டாது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை கூடும். நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையிலோ மீப்பிலிமானையிலோ மாலையில் ஏற்றிய கரட், விடிவதற்குள் 10 பாகை கூடுதலான சூட்டுக்குள் போய்விடுகிறது. போதாக்குறைக்கு வழி நெடுக இறக்கம். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மொத்தச் சரக்கும் முன்னால் சாய்கிறது. மலையகத்தில் சரக்கு கெடுவதற்கு இந்தச் சூடும் இந்தச் சாய்வுமே முக்கிய காரணங்கள். லொறி புறப்படும் முன்பே, தோட்டத்திலும் ஏற்றும் இடத்திலும் விடும் பிழைகள்தான் இவற்றுக்கு இடம் கொடுக்கின்றன.

முதல் பிழை, ஈரத்தோடு மூட்டை கட்டுவது. கரட்டை மண் போகக் கழுவி அனுப்புவதே இங்கு வழக்கம். சந்தையில் கழுவிய கரட்டுக்குத்தான் மதிப்பு என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுவிய கையோடு சாக்கில் போட்டுத் தைத்தால் நீர் நடுவில் தங்கிவிடும். கீழ்நாட்டுச் சூடு பட்டதும் அந்த ஈரத்தில் மென்னழுகல் பிடிக்கும். அழுகல் நுனியிலும் கீறல் விழுந்த இடத்திலும் தொடங்கி, வழுவழுப்பாகி, பக்கத்துக் கரட்டுக்கும் பரவும். கழுவியதைக் கம்பித் தட்டிலோ மூங்கில் தட்டிலோ நிழலில் பரப்பி, மேல் ஈரம் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். கழுவும் நீரும் ஓடும் நீராக இருக்க வேண்டும். ஒரே தொட்டியில் காலையிலிருந்து மாலை வரை கழுவினால், ஓர் அழுகிய கரட்டின் கிருமி அன்றைய மொத்த அறுவடைக்கும் போய்ச் சேரும். தழையை முழுதாக நறுக்கிவிடுங்கள். தழை இருந்தால் கிழங்கின் நீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

உருளைக்கிழங்குக்கு இது பொருந்தாது. அதைக் கழுவவே கூடாது. கொடியை வெட்டி 10 முதல் 14 நாள் விட்டுத் தோண்டினால் தோல் முற்றியிருக்கும், லொறி உலுக்கலில் உரியாது. வெயிலில் கிடந்தால் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த கிழங்கு உண்ண உகந்ததல்ல.

பறித்ததை வெயிலில் குவித்து வைப்பது அடுத்த பிழை. மரக்கறி பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அந்த மூச்சிலும் சூடு பிறக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் இரண்டு மடங்காகும். லீக்ஸையும் சலாதையும் இது மற்றவற்றைவிட வேகமாகத் தாக்கும். நெருக்கிக் கட்டிய லீக்ஸ் கட்டின் நடுவில் கையை விட்டால் சூடு தெரியும், பிரித்தால் இலை மஞ்சளாக இருக்கும். பனி காய்ந்ததும் காலையிலேயே அறுத்து, நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டுக் கட்டுங்கள். குளிரூட்டிய லொறி பிடித்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. அந்த லொறி குளிர்ந்த சரக்கைக் குளிராகக் காக்குமே தவிர, சூடான சரக்கை ஓர் இரவில் ஆற்றிவிடாது. அதிலும் போஞ்சியும் தக்காளியும் அதிகக் குளிரைத் தாங்கா. போஞ்சியை 5 பாகைக்குக் கீழும் தக்காளியை 10 பாகைக்குக் கீழும் கொண்டுபோனால் குளிராலேயே பழுதாகும்.

சாக்கா, பிளாஸ்டிக் கூடையா என்பது பழைய வாக்குவாதம். 2011 இறுதியில் கூடையைக் கட்டாயமாக்க முயன்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. விவசாயிகளும் வியாபாரிகளும் சொன்ன காரணங்களைத் தள்ளிவிட முடியாது. கூடை வாங்க முதலீடு வேண்டும், லொறியில் இடம் கூடுதலாகப் போகும், வெறுங்கூடை திரும்பி வர வேண்டும். ஆனாலும் தக்காளி, போஞ்சி, சலாது, மெல்லிய கோவா ஆகியவற்றைச் சாக்கில் அனுப்புவது நட்டத்தைக் காசு கொடுத்து வாங்குவதுதான். உருளைக்கிழங்குக்குச் சாக்குப் போதும். கரட்டுக்கும் போதும், மூட்டையை 50 கிலோவுக்குள் நிறுத்தினால். அதற்கு மேல் போனால் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் அதைத் தூக்கி வைக்க முடியாமல் தள்ளியும் உருட்டியும்தான் இறக்குவார்கள். அங்கே உடையும் கரட்டுக்கு அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

கூடையில் செய்யும் பெரும் பிழை கும்பலாக நிரப்புவது. மேல் கூடை நிற்க வேண்டியது கீழ்க் கூடையின் விளிம்பில். காய் விளிம்புக்கு மேலே எழும்பினால் முழுப் பாரமும் காயில்தான் இறங்கும். விளிம்புக்கு 2, 3 சென்ரிமீற்றர் கீழே நிறுத்துங்கள். கூடையின் அடியில் ஒரு தாள் விரித்தால் உராய்வு குறையும். அந்தத் தாள் காற்றுத் துளைகளை முழுவதும் மூடக்கூடாது. கோவாவுக்கு வெளி இலை இரண்டு மூன்றை விட்டு வையுங்கள். வழியில் உரசுவதை அந்த இலைகள் ஏற்கும், சந்தையில் உரித்துப் போட்டால் உள்ளே புதிதாக இருக்கும். எடை கூடுமே என்று அவற்றைத் தோட்டத்திலேயே உரித்துவிடுவது வீண் சிக்கனம்.

இனி லொறியில் அடுக்குவது. முன் பலகைக்கும் சரக்குக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டால்கூட, இறம்பொடை வளைவுகளில் பிரேக் பிடிக்கும்போது சரக்கு அந்த இடைவெளியில் ஓடி வேகமெடுத்து மோதும். எனவே முதல் வரிசை முன் பலகையை ஒட்டியே தொடங்க வேண்டும். சரக்குக் கட்டும் ஐரோப்பிய விதிகள், எடையில் 80 வீதத்துக்குச் சமமான விசை முன்பக்கமாகவும் 50 வீதம் பக்கவாட்டிலும் தாக்கும் என்று கணக்கிட்டே கட்டச் சொல்கின்றன. மலைப்பாதைக்கு இதைக் குறைத்து நினைக்க நியாயமில்லை. கனமானதும் கடினமானதும் அடியில், மெல்லியது மேலே என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறந்துபோவது கயிறு. நைலோன் கயிறு இழுபடும், சரக்கும் உலுக்கலில் அடங்கும். புறப்படும்போது இறுக்கமாக இருந்த கட்டு புசல்லாவை போவதற்குள் தளர்ந்திருக்கும். முதல் 10, 15 கிலோமீற்றரில் நிறுத்தி மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். கயிறு மேல் மூட்டையை வெட்டாதபடி அடியில் பலகைத் துண்டு வையுங்கள்.

படங்கைச் சரக்கின் மேலேயே ஒட்ட விரிப்பதும் வழக்கமாகிவிட்டது. மழைக்கு அது சரி. மழை விட்டபின் அதே படங்கு சூட்டையும் மரக்கறியின் மூச்சையும் உள்ளே அடைத்துவிடும். சட்டம் போட்டுச் சரக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் படங்கு நிற்க வேண்டும். முன்னும் பின்னும் காற்று போக வழி வேண்டும். சந்தையை அடைந்ததும், குளிர்ந்த மரக்கறியின் மேல் கீழ்நாட்டு ஈரக்காற்று பட்டால் வியர்வைபோல் நீர் கோக்கும். அந்த ஈரத்தோடு மீண்டும் மூடி வைக்காதீர்கள்.

கலந்து ஏற்றும்போது தக்காளியையும் பழங்களையும் தனியே ஒதுக்குங்கள். பழுக்கும்போது அவை விடும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்க வைக்கும், கோவா இலையை மஞ்சளாக்கும், சலாதில் பழுப்புப் புள்ளி போடும். காற்றோட்டமுள்ள லொறியில் ஓர் இரவுக்கு இது பெரிதாகத் தெரியாது. களஞ்சியத்தில் இரண்டு மூன்று நாள் சேர்ந்து கிடந்தால் நன்றாகவே தெரியும்.

அதைவிட ஆபத்தான கலப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கீழ்நாட்டிலிருந்து கோழி எரு ஏற்றி வந்த லொறியே மரக்கறி ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. எருவில் சல்மனெல்லா கிருமி இருக்கக்கூடும். சலாதும் கரட்டும் பச்சையாகவே உண்ணப்படுபவை. கூட்டித் தள்ளினால் போதாது. லொறித் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, காயவைத்த பிறகே ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் நீங்களே லொறிக்குள் ஏறி முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் ஏற்றாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் இதில் கண்டிப்பானவர்கள். சுமார் 3 வீத ஈரத்தில் பொதி செய்த தேயிலை, பக்கத்தில் உள்ள எந்த வாடையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் சிந்திய தட்டில் ஒரு தடவை ஏற்றினால் முழுத் தொகையும் சுவை கெடும். அதே கண்டிப்பு மரக்கறிக்கும் வேண்டும்.

பாரத்தைக் கண் மதிப்பில் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. பதிவிலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். உதாரணமாக 6,000இல் 3,000 போனால் மீதி 3,000 கிலோ. 150 கூடை ஏற்றினால், கூடைக்கு 2 கிலோ வீதம் 300 கிலோ கூடைக்கே போகும். சாரதியும் உதவியாளும் 130, படங்கு, கயிறு, பலகைக்கு 70. காய்க்கு மிஞ்சுவது 2,500 கிலோ, அதாவது கூடைக்கு 16 கிலோ சொச்சம்.

கூடுதல் பாரத்தோடு கினிகத்தேனை இறக்கத்திலோ நானுஓயா ரதெல்லை இறக்கத்திலோ பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் சாரதிக்குச் சரக்கு கொடுக்காதீர்கள். பிரேக் கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பிரேக் டிரம் வெடிக்கலாம்.

வாடகை பேசும்போது தொகையோடு நிறுத்திவிடுகிறார்கள். காத்திருக்கும் நேரத்துக்கு யார் கொடுப்பது, இறக்குகூலி யாருடையது, வழியில் லொறி பழுதானால் மாற்று லொறி யார் பிடிப்பது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தோட்டத்திலேயே எடை போட்டு, மூட்டை எண்ணிக்கையும் எடையும் எழுதிய துண்டை இரண்டு பிரதியாக வையுங்கள். வழியில் நீர் வற்றுவதால் எடை கொஞ்சம் குறையும். துண்டு கையில் இல்லாவிட்டால், வற்றியது எவ்வளவு, கொமிசன் கடையில் கழித்தது எவ்வளவு என்று பிரித்தறியவே முடியாது. வாகனக் காப்புறுதி பொதுவாக உள்ளே உள்ள சரக்கைச் சேர்க்காது. சரக்குக்கு வேறாக எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மூட்டை கட்டும் முன்பே பாதையை விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டமாக விடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் கேட்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பல பாதைகள் ஒன்றாக அடைபட்டன. ஒரு பாதை மூடினால் மற்றது என்ற கணக்கு அன்று உதவவில்லை. செம்மஞ்சள் எச்சரிக்கை இருக்கும்போது, கரட்டையும் கிழங்கையும் மண்ணிலேயே விட்டு வைக்க முடிந்தால் விட்டு வையுங்கள். பறித்துக் கட்டி லொறியில் சிக்கிய கரட்டைவிட, மண்ணுக்குள் இருக்கும் கரட் இன்னும் சில நாள் தாங்கும்.